பை நிறையப் பொய்

சின்னக் கடைகள் வாழவேண்டும் என்று மேடை கிடைத்தால் அரை மணி நேரம் பேசக்கூடிய ஆள் நான். ஒருமுறை மேடையும் கிடைத்தது. தெருமுனைக் கடைதான் ஊரின் உயிர்நாடி, பெருமுதலாளிகளின் குளிர்க் கட்டடங்கள் அந்த நாடியை நெரிக்கின்றன என்று முழங்கிக் கைதட்டலும் வாங்கினேன். இறங்கி வரும்போது மனைவி போனில் தக்காளி சொன்னாள். வழியில் இருந்த சுப்பர் மார்க்கெட்டில் ஏறி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாங்கியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெயர் அச்சடித்த பையைச் சுருட்டிக் காற்சட்டைப் பொக்கற்றில் செருகிவிட்டு, தக்காளியை என் துணிப்பைக்கு மாற்றினேன். எங்கள் ஒழுங்கை முனையில் நானா கடை இருக்கிறது. அவர் கண்ணில் படாமல் பூனைகூட ஒழுங்கைக்குள் நுழைய முடியாது. தலையைக் குனிந்தபடி தாண்டினேன். "என்ன சேர், அங்க தக்காளி என்ன வெல?" என்று கேட்டார். பையின் வாயில் ரசீது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பத்தியை எழுதுகிறவன் எப்படிப்பட்டவன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். இனி மற்றவற்றையும் சொல்லலாம்.

கொலன்னாவை கொழும்பின் கிழக்கு ஓரம். எண்ணெய்த் தாங்கிகளால் பெயர் பெற்ற ஊர். 1995 ஒக்டோபரில் அந்தத் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தபோது எங்கள் ஊர்ப் பெயர் உலகச் செய்தியானது. மற்றபடி களனி கங்கை பெருகினால்தான் கொழும்புக்காரருக்கு எங்கள் நினைவு வரும். வெள்ளவத்தையில் இருப்பதுபோல் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசை கட்டிய காலி வீதி இங்கே இல்லை. கொட்டாஞ்சேனைபோல் கோயில் மணியும் தேவாலய மணியும் மாறிமாறிக் கேட்கும் தெருக்களும் இல்லை. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்திருக்கும் ஒழுங்கைகள், ஒழுங்கைக்கு ஒரு கடை. அவ்வளவுதான் ஊர்.

நானா கடை பத்தடிக்குப் பத்தடி. வாசலில் வாழைக்குலை, கதவில் சரம்சரமாக ஷாம்பு பக்கற், உள்ளே பருப்பு மூட்டை, மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி. கறிவேப்பிலையிலிருந்து போனுக்கு ரீலோட் வரை கிடைக்கும். கொழும்பின் மொத்த மரக்கறி வியாபாரம் நடந்த மெனிங் சந்தையை 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றினார்கள். புறக்கோட்டை வியாபாரிகள் பலருக்கு அது இடி. எங்களுக்கோ ஆற்றைத் தாண்டினால் பேலியகொடை. நானா விடியப்புறம் த்ரீவீலில் போய், ஊர் எழும்புமுன் திரும்பிவிடுவார். நுவரெலியா கரட்டும் தம்புள்ளைக் கத்தரிக்காயும் என் வீட்டு வாசலுக்கு இத்தனை பக்கத்தில் வந்து இறங்குகின்றன. நான் அதே கரட்டைக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய், கழுவித் துடைத்த கோலத்தில், கூடின விலைக்கு வாங்குகிறேன்.

ஏன்? முதலில் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம், எனக்குப் பேரம் பேச வராது என்பது.

அப்பா பேசுவார். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கு அவரோடு போவேன். விலை கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், திரும்பி நடப்பார். நாலடி வைக்குமுன் பின்னால் குரல் வரும்: "ஐயா, வாங்கோ, எவ்வளவு தருவியள்?" பரம்பரைச் சொத்தாக இந்த வித்தை எனக்கும் வந்திருக்கும் என்று நம்பி வெள்ளவத்தைச் சந்தையில் இறங்கினேன். ஒரு ஆச்சியிடம் முருங்கைக்காய் விலை கேட்டேன். உதட்டைப் பிதுக்கினேன். திரும்பி நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நடையைத் தளர்த்தினேன். அப்போதும் கூப்பிடவில்லை. மானத்தோடு திரும்ப வழியில்லாமல் சந்தையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கத்தால் வந்து, தற்செயலாக அந்த இடத்துக்கு வந்த ஆளின் முகத்தோடு நின்றேன். "சுத்தி முடிஞ்சுதே தம்பி?" என்று கேட்டா ஆச்சி. சொன்ன விலைக்கு வாங்கினேன். மிச்சக் காசுகூட எண்ணிப் பார்க்கவில்லை.

அறிவால் வெல்லலாம் என்று அடுத்த தடவை தயாராகப் போனேன். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தினமும் உணவுப்பொருள் விலைப் பட்டியல் வெளியிடுகிறது. மொத்த விலை, சில்லறை விலை, எந்தச் சந்தையில் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். அன்றைய பட்டியலைப் போனில் ஏற்றிக்கொண்டுபோய் ஆச்சியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகப் பார்த்தா. "இது மொத்த விலையெல்லோ? அப்ப ஒரு மூட்டை எடுங்கோவன்" என்றா. பிறகு ஒரு பாடம் நடத்தினா. லொறிக் கூலி, நாட்டாமைக் கூலி, இடத்துக் காசு, மூட்டையின் அடியில் அழுகிப்போனது, பின்னேரம் வாடி அரை விலைக்குப் போவது, அதுவும் போகாமல் மாட்டுக்குப் போவது. கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கவேண்டும் என்று போனவன் இருபது ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வந்தேன். பரிதாபத்தில் அல்ல, விட்டால் போதும் என்று.

தெரிவு செய்யவும் தெரியாது. வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்கவேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எத்தனையை முறிக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தேங்காய்க்கு வந்தால், காதருகே வைத்து ஆட்டி, விரலால் தட்டி, பழைய வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்குக் கேட்பதெல்லாம் தேங்காயைத் தட்டும் சத்தம். அதிலிருந்து ஒரு செய்தியும் வந்ததில்லை. 2025 தொடக்கத்தில் தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, நான் கண்ணை மூடித் தெரிந்த காய் வீட்டில் உடைத்தால் அழுகல். அந்த நாட்களில் நானா தேங்காயைப் பாதியாக உடைத்துத்தான் வைத்திருந்தார். பாதி வாங்கினால் உள்ளே என்ன என்று கண்ணால் பார்த்தே வாங்கலாம். பாதித் தேங்காய் வாங்குவது கௌரவக் குறைவு என்று முழுக்காய் வாங்கியவன் நான்.

இந்தப் பாதிக் கணக்கில்தான் சின்னக் கடையின் சூட்சுமமே இருக்கிறது. ஐம்பது கிராம் தேயிலை, கால் போத்தல் தேங்காயெண்ணெய், நூறு கிராம் பருப்பு, ஒற்றைச் சவர்க்காரம். அன்றன்றைய உழைப்பில் அன்றன்று சமைக்கிற வீட்டுக்கு ஐந்து கிலோ பொதிக்கு விலைக்கழிவு என்ற பலகையால் என்ன பயன்? மொத்தமாக வாங்கிச் சில்லறையாக உடைத்துத் தரும் அந்த வேலைக்குத்தான் நானா தன் லாபத்தை எடுக்கிறார். இதை மேடையில் சொன்னேன். அழகாகச் சொன்னேன்.

சொன்ன வாய் வீட்டில் என்ன செய்தது தெரியுமா? 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பாணின் நிறையை வர்த்தமானியில் போட்டது: ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225. செய்தி வாசித்த கையோடு சமையலறைத் தராசைத் தூசி தட்டி நானா கடைப் பாணை நிறுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. தராசில் பிழையாக இருக்கும் என்று ஒரு கிலோ சீனிப் பக்கற்றை வைத்துத் தராசைச் சோதித்துவிட்டு மறுபடி நிறுத்தேன். அப்போதும் சரியாகவே இருந்தது. ஊரின் உயிர்நாடி என்று நான் புகழ்ந்த மனிதரைச் சந்தேகப்படத் தோன்றியதே தவிர, சுப்பர் மார்க்கெட்டுப் பாணை ஒருநாளாவது நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பளிங்குத் தரையில் களவு நடக்காது என்று எனக்கு யார் சொன்னார்களோ.

மீன் கதை வேறு. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி "மாலு, மாலு" என்று கூவிவரும் மல்லியிடம், எனக்குத் தெரிந்த சிங்களத்தைத் திரட்டிப் புது மீனா என்று கேட்டேன். "அத மாலு, மஹத்தயா" என்றான். இன்றைய மீன்தானாம். நேற்றைய மீன் என்று உலகத்தில் எந்த மீன்காரன் சொல்லியிருக்கிறான்? செவுளைத் தூக்கிக் காட்டினான், சிவப்பாக இருந்தது. கண்ணைக் காட்டினான்; பளிச்சென்று இருந்தது. உடலை விரலால் அமுக்கினேன்; பள்ளம் விழவில்லை. மூன்று சோதனையிலும் மீன் தேறியது. சோதித்தவன்தான் தேறவில்லை. சூரைத் துண்டுகளை ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு சலூனுக்குப் போனேன். அங்கே அரசியல் சூடாக இருந்தது, வெளியே வெயில் அதைவிடச் சூடாக இருந்தது. அன்று இரவு உடம்பெல்லாம் தடித்து அரித்தது. சூரை இன மீன்கள் சூட்டில் கிடந்தால் தசையில் ஹிஸ்டமின் ஊறும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது என்று டொக்டர் விளக்கினார். வாங்கின உடனே குளிரில் வைத்தீர்களா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். அடுத்த நாள் ஒழுங்கை முழுக்க மல்லியின் மீன் சரியில்லை என்ற பேச்சு. அதை யார் கிளப்பியது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என் வீட்டில்தான் வந்து முடியும்.

ஊர்ச் சாமானுக்கு வெள்ளவத்தை. காலி வீதியில் நடந்தால் ஒடியல், பனங்கட்டி, மோர்மிளகாய், வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் என்று யாழ்ப்பாணம் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கும். 1983 ஜூலையில் இந்தத் தெருவின் தமிழ்க் கடைகள் கொளுத்தப்பட்டன. நாட்டில் கார்கில்ஸின் முதல் ஃபுட் சிட்டி கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் திறந்ததும் அதே 1983இல்தான். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. ஆனால் எரிந்த தெருவில் மறுபடி பலகை மாட்டி வியாபாரம் தொடங்கிய மனிதர்களின் வரிசைக்கு நடுவே நடந்துபோய், ஏசி இருக்கிறதே என்று மற்றதற்குள் நுழைகிற என் கால்களுக்கு என்ன சொல்வது?

ஒருநாள் வைராக்கியத்தோடு ஒரு சின்னக் கடைக்குள்ளேயே போனேன். கூழ் காய்ச்ச ஒடியல் மா வேண்டும். கடைக்கார அக்கா பொட்டலத்தைத் தந்துவிட்டு ஏதோ விளக்கமாகச் சொன்னா. நான் போனில் யாருக்கோ யாழ்ப்பாணச் சமையலின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. மாவின் விலையைவிட த்ரீவீல் கூலி கூட. நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயத்தங்காய் எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சினேன். கசந்தது. வாய் வைத்தவர்கள் மரியாதைக்கு இரண்டு மிடறு குடித்தார்கள். அடுத்த முறை கடைக்குப் போய், மா பழசு என்று குற்றம் சொன்னேன். "அண்ணை, தண்ணியில ஊறவிட்டுக் கசப்புத் தண்ணியை வடிச்சனீங்களோ? அண்டைக்குச் சொன்னனான்" என்றா. புழுக்கொடியல் அவித்துக் காயவிடுவது, ஒடியல் பச்சையாகக் காயவிடுவது, ஆகவே அதில் கசப்பு நிற்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வெள்ளவத்தையில் இதைச் சொல்லித் தரவேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற கனடாப் பெண் ஒருத்தி, தனக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள்.

கொட்டாஞ்சேனையில் என் தோல்வி வேறு வகை. அங்கே எனக்கு இல்லை என்று சொல்ல வராது. பொங்கலுக்கு முதல்நாள் மாவிலை வாங்கப் போனேன். கோலமா தந்தார்கள், வாங்கினேன். கரும்பு தந்தார்கள், வாங்கினேன். "ஐயா, பானை பாருங்க" என்றான் ஒரு பையன், பார்த்ததற்காகவே வாங்கினேன். மஞ்சள்கொத்து, வெற்றிலை, தலைவாழையிலை. கரும்பை பஸ்ஸுக்குள் ஏற்ற கொண்டக்டர் மறுத்ததால் இரண்டாக முறித்து, பானையை மடியில் வைத்து, ஒருவாறு வீடு வந்து சேர்ந்தேன். மாவிலை எங்கே என்றாள் மனைவி. அடுத்த வீட்டு மதிலுக்கு மேலால் எட்டி நாலு இலை பிடுங்கினேன். அவர்களுடைய மாமரம் எப்போதும் அங்கேதான் நிற்கிறது.

துணிப்பை விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், எங்கள் பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு முழுவதும் வாங்கி, தின்று, எறிந்தது இங்கே மலையாகக் குவிந்திருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி, சிலவகை பொலித்தீன் பைகள் தடைசெய்யப்பட்டன. நானும் மனம் நொந்து துணிப்பைகள் வாங்கினேன். அவை எங்கள் கதவுக்குப் பின்னால் ஒழுங்காகத் தொங்குகின்றன. நான் கடைக்குப் போவது எப்போதும் கையை வீசிக்கொண்டுதான். கைபிடி வைத்த பொலித்தீன் பையை இனிச் சும்மா தரக்கூடாது என்று 2025 நவம்பரில் சட்டம் வந்த பிறகு, ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து மறதியை வாங்கி வருகிறேன். துணிப்பை ஞாபகம் வருவது, சுப்பர் மார்க்கெட் பொருளை நானாவிடமிருந்து மறைக்கும்போது மட்டும். இதைப்பற்றி மட்டும் என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

கொஞ்சம் பின்னால் போனால், 2022. எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்றோம். அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். சுப்பர் மார்க்கெட் தட்டுகளில் பால்மா இருந்த இடத்தில் விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. நானாவிடம் கொஞ்சம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நீண்ட நாளைக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவர் கொப்பியைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீடு. எந்த வீட்டில் குழந்தை, எந்த வீட்டில் படுக்கையில் கிழவி என்று அதைப் பார்த்துத்தான் பங்கிட்டுக்கொண்டிருந்தார். "சேர் காசுக்காரர். கொப்பில இல்லியே" என்றார்.

யாருக்கும் ஐந்து சதம் கடன் வைக்காதவன் என்பதைப் பெரிய ஒழுக்கமாக நினைத்திருந்தேன். அந்த ஒழுக்கத்தின் பலன், என் வீட்டைப்பற்றி எழுத அவரிடம் ஒரு பக்கம் இல்லை. அத்தோடு நின்றிருக்கலாம். அச்சடித்த விலைக்கு மேலே இருநூறு ரூபாய் வைத்து நீட்டினேன். மேலதிக காசைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே போய், ஒரு பக்கற்றை எடுத்துவந்து தந்தார். "டீச்சர்ட அம்மா வந்து ஈக்கிறாங்கதானே, அவங்களுக்கு" என்றார். டீச்சர் என்றது என் மனைவியை. மாமி வந்து தங்கியிருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த வேளைக்கு மாமி பால் குடிப்பா என்பது எனக்குத் தெரியாது.

நன்றிக்கடனாக நானும் ஒரு பக்கம் திறக்கச் சொன்னேன். கடன்காரனாகவாவது தேறலாம் என்று பார்த்தால், அதிலும் தோல்வி. த்ரீவீல் ஓட்டுகிற தம்பி அன்றன்று இரவு கணக்கைத் தீர்த்துவிடுவான். மாநகரசபையில் தெருக்கூட்டும் அக்கா சம்பளத்தன்று தீர்த்துவிடுவா. மாதச் சம்பளமும் பேச்சுத் திறமையும் உள்ள நான் மறந்துவிட்டேன். கடைப் பையன் வீட்டு வாசலில் வந்து நின்று, "நானா சும்மா பார்த்துட்டு வரச் சொன்னாரு" என்றபோதுதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து கொப்பிக் கணக்கு மனைவியின் கையில்.

ஆக, பேரம், தெரிவு, மீன், மா எல்லாம் நான் சொல்லித் திரிந்த சாட்டுகள். சுப்பர் மார்க்கெட்டுக்கு நான் ஓடுவதன் காரணம் வேறு. எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. நானா கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிம்புலா பணிஸ் இருக்கிறது. முதலை வடிவில் நீட்டி, மேலே சீனி தூவி. கேட்டால் தரமாட்டார். "ஏலாது சேர். டீச்சர் சொல்லி ஈக்கிறாங்க, ஒங்களுக்கு சீனி கூடவாம்." காசு நீட்டி நிற்கிற வாடிக்கையாளனுக்குப் பண்டத்தை விற்க மறுக்கும் வியாபாரியை எந்தப் பொருளாதாரப் புத்தகத்தில் தேடுவது? சுப்பர் மார்க்கெட் பெண் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே கேக்கை ஸ்கான் பண்ணிவிடுவாள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் கூடின விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னக் கடையில் மனித உறவு இருக்கிறது என்று மேடையில் உருகுவது லேசு. உறவு என்றால் என் இரத்தப் பரிசோதனை முடிவும் என் கடன் பாக்கியும் நான் வாங்கின தக்காளியின் ரசீதும் இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது என்று அந்தப் பேச்சில் நான் சொல்லவில்லை. வாழவேண்டியது கடை மட்டும். என்னை அதற்குத் தெரியக்கூடாது. இதுதான் என் கொள்கையாக இருந்திருக்கிறது.

இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறேன். மரக்கறியும் பாணும் நானாவிடம்தான். வாழ்க்கையில் நான் வென்ற ஒரே பேரமும் அவரோடுதான். வீட்டில் எதுவும் சொல்லக்கூடாது என்று நாள்கணக்காகக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பாதி கிம்புலா பணிஸ் என்று பேசி முடித்திருக்கிறேன். பாதிக்கும் முழு விலைதான் எடுக்கிறார். மற்றப் பாதியைக் கடைப் பையன் தின்கிறான். கொப்பியில் பணிஸ் என்று எழுத முடியாதாகையால் சவர்க்காரம் என்று எழுதுகிறார். மாத முடிவில் கணக்குப் பார்த்த மனைவி கேட்டாள்: "என்னப்பா, இவ்வளவு சவர்க்காரமும் எங்க போகுது?"

குளிக்கிறேன் என்றேன்.